அம்புரோஸ் வைத்த கைச்சிப்பி

தூத்துக்குடிக் கரையிலிருந்து கிளாத்தித் தீவுக்கு வள்ளத்தில் அரை மணி நேரம். காற்று தோதாக இருந்தால் அதுவும் ஆகாது. என் பலசரக்குக் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் அந்தத் தீவின் நாலு தென்னை மரமும் தெரியும், காலையில் அங்கே அடுப்புப் பற்ற வைத்தால் அந்தப் புகையும் தெரியும். இந்த அரை மணி நேரத் தூரத்தைக் கடக்க முடியாமல் அம்புரோஸ் என்கிற மனிதர் 1946-ம் வருஷம் ஐப்பசி மாசம் முழுக்க என் கடை வாசலில் நின்றார். அங்கே எழும்புகிற புகை அவர் பெண்டாட்டி மூட்டிய புகை. அவள் அப்போது நிறைமாசம்.

ஏன் போக முடியவில்லை என்றால், அந்தத் தீவு பிரான்சு தேசத்துக்குப் போய்விட்டது. யார் கொடுத்தார்கள் என்றால், அவரேதான் கொடுத்தார். சிரிக்கிறவர்கள் சிரித்துக் கொள்ளுங்கள். நானும் முதல் நாள் சிரித்தேன்.

அம்புரோஸுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்படிப்பட்டவர் ஒரு தீவைத் தூக்கி இன்னொரு ராஜ்யத்துக்குக் கொடுத்தது எப்படி என்று கேட்டால், எங்கள் கரையில் கூறு வைக்கிற முறையைச் சொல்ல வேண்டும். முத்துக்குளிப்பு நடக்கும்போது, அதைச் சலாபம் என்போம், குளியாளிகள் கடலுக்குள் முங்கி அள்ளி வருகிற சிப்பியை மூன்று கூறாக வைக்க வேண்டும். சர்க்கார் ஆள் வந்து தனக்குப் பிடித்த இரண்டு கூறைக் காட்டி எடுத்துக் கொள்வான். மிஞ்சுகிற ஒன்று குளியாளிக்கு. அவன் எதை எடுப்பான் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கூறு வைக்கிறவன் மூன்றையும் ஒரே மாதிரி வைத்தாக வேண்டும். ஒன்றில் நல்ல சிப்பியை ஒளித்து வைத்தால் அது சர்க்காருக்கே போய்ச் சேர்ந்து அவன் தலையில் விடியும்.

இதில் இன்னொரு வழக்கம் உண்டு. வைத்து முடித்த பிறகு ஒரு கூறு கொஞ்சம் குறைகிறது என்று மனசுக்குப் பட்டால், கூறு வைத்தவன் தன் மடியிலிருந்து சொந்தச் சிப்பி ஒன்றை எடுத்து அதன் மேல் வைப்பான். அதற்குக் கைச்சிப்பி என்று பேர். கைச்சிப்பி வைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. அது எந்தக் கூறின் மேல் உட்கார்ந்ததோ அந்தக் கூறோடு போகும். அப்புறம் அதை எடுக்கிறவன் திருடன். வைத்தவனே எடுத்தாலும் திருடன்தான்.

கடைசிச் சலாபம் இருபத்தெட்டாம் வருஷம் நடந்தது. அதில் அம்புரோஸ் வைத்த கூறைப் பார்த்துவிட்டு, எதை எடுப்பது என்று தெரியாமல் சர்க்கார் ஆள் அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தான் என்று இன்றைக்கும் சொல்வார்கள். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. அதன்பிறகு முத்துப் படுகை மலடாகிப் போனது, ஆனால் அவர் பேர் நிலைத்துவிட்டது. மீன்பாட்டைப் பிரிக்கவும், அண்ணன் தம்பி சொத்தைப் பிரிக்கவும், கோயில் விருந்தில் ஆட்டிறைச்சியைப் பிரிக்கவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

என் அப்பா செத்த பிறகு எனக்கும் என் தம்பிக்கும் கடையைப் பிரித்துக் கொடுத்தவரும் அவரே. தராசு எனக்கு வந்தது, படிக்கல் அவனுக்குப் போனது. பதினொரு மாசம் முகம் பார்க்காத நாங்கள் அன்றைக்கே பேச வேண்டியதாயிற்று. இதை வேண்டுமென்றே செய்தாரா என்று ஒருநாள் கேட்டேன். "தராசும் கல்லும் ஒரே பெறுமானம் அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான், உப்பில்லாத கஞ்சி.

அவர் பெண்டாட்டி மெட்டில்டாவுக்குத்தான் உப்பும் உறைப்பும். சர்க்கார் அம்புரோஸைப் படுகைக் காவலுக்கு வைத்து, ஒரு பித்தளை வில்லையும் கொடுத்து, கிளாத்தித் தீவில் குடிசை போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தது. சிப்பியே இல்லாத படுகைக்குக் காவல் எதற்கு என்று அவள் வருஷம் தவறாமல் கேட்பாள். அவள் மீன் காய வைப்பாள், ஆறு ஆட்டை மேய்ப்பாள், சனிக்கிழமை வள்ளத்தில் வந்து என்னிடம் சாமான் வாங்கும்போது என் தராசைச் சந்தேகமாகப் பார்ப்பாள். பதினாலு வருஷமாகப் பிள்ளை இல்லை. பனிமய மாதாவுக்கு அவள் நேர்ந்துகொள்ளாத நேர்ச்சை கிடையாது. நாற்பத்தாறாம் வருஷம் சித்திரையில் ஒரு சனிக்கிழமை வந்து, வாங்கிய புளியை அங்கேயே நின்று தின்றாள். என் மனைவி ஜீவமணி பார்த்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த வாரமே அம்புரோஸுக்குச் சர்க்கார் உத்தரவு வந்தது. பசிபிக் சமுத்திரத்தில் ஏழு தீவுகள் இருக்கின்றன. அங்கே சிப்பி விளைகிற இடங்களை மதிப்புப் போட ஒரு கைதேர்ந்த ஆள் வேண்டும், உடனே கப்பல் ஏறு. மூன்றே மாசத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னார்கள். மாதா கொடியேற்றத்துக்கு வந்துவிடுகிறேன் என்று மெட்டில்டாவிடம் சத்தியம் பண்ணினார். அவள் கிளாத்திக் கரையில் பொறுக்கிய ஒரு முத்துச் சிப்பியின் ஓட்டை அவர் மடியில் செருகி அனுப்பினாள். வழித்துணைக்காம்.

இனி அங்கே நடந்ததை அவர் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். அந்த ஏழு தீவையும் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் சேர்ந்து ஆண்டு கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தீவிலும் இரண்டு போலீஸ், இரண்டு கோர்ட்டு, இரண்டு ஜெயில். எந்த ஜெயிலில் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொண்டுதான் அங்கே திருடுவார்களாம். யுத்தம் முடிந்ததும் இந்தக் கூட்டுக் குடித்தனம் இரண்டு பேருக்கும் கசந்துவிட்டது. பாகம் பிரித்துக் கொள்ளலாம் என்று ஒரு கப்பலில் இரண்டு பக்கத்துத் துரைகளும் வந்து உட்கார்ந்தார்கள். துறைமுகம் உள்ள தீவு எனக்கு என்பான் ஒருவன். அப்படியானால் உரமண் கிடைக்கிற தீவு எனக்கு என்பான் மற்றவன். பத்தொன்பது நாள் இதே கதை. அம்புரோஸ் ஏழு தீவையும் சுற்றி வந்து, சிப்பியையும் தேங்காயையும் தண்ணீரையும் மதிப்புப் போட்டு முடித்துவிட்டு, கப்பல் தளத்தில் நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாதா கொடியேற்றத்துக்கு மிச்சம் இருந்த நாளில் ஊர் திரும்ப முடியாது என்று ஆனபோது பொறுமை போய்விட்டது.

"துரை, நான் கூறு வச்சிரட்டா?" என்று கேட்டிருக்கிறார்.

அவருக்குத் துறைமுக இங்கிலீஷ் கொஞ்சம் வரும். முறையை விளக்கினார். ஒருவன் பிரிக்க வேண்டும், மற்றவன் எடுக்க வேண்டும், அப்புறம் சண்டை கிடையாது. துரைமார்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பத்தொன்பது நாளாக அவர்களுக்கும் வீடு ஞாபகம் வந்திருக்கும் அல்லவா. ஏழு சிப்பி ஓடு கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு தீவின் பேரைக் கரியால் எழுதி, மேசை மேல் இரண்டு கூறாக வைத்தார். இரண்டு மணி நேரம் மாற்றி மாற்றி வைத்தார். வலது பக்கம் நாலு, இடது பக்கம் துறைமுகத் தீவோடு மூன்று. பார்த்தார். இடது பக்கம் ஒரு பொட்டுக் குறைகிற மாதிரி இருந்தது.

நீங்களும் நானும் என்றால் என்ன செய்வோம்? போகட்டும் என்று விட்டுவிடுவோம். பத்தாயிரம் மைலுக்கு அப்பால் எவன் தீவோ, எவனுக்கோ. அம்புரோஸின் கை பழக்கத்தில் மடிக்குப் போயிற்று. மெட்டில்டா செருகிவிட்ட சிப்பி ஓட்டை எடுத்து இடது கூறின் மேல் வைத்தார்.

பிரெஞ்சுத் துரை அது என்ன என்று கேட்டான். கிளாத்தி என்றார் இவர். எங்கே இருக்கிறது என்று கேட்டான். தூத்துக்குடிக்குக் கிழக்கே என்றார். அங்கே என்ன உண்டு என்று கேட்டான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித்தானே பழக்கம். நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று, தென்னை நாலு, ஆடு ஆறு, என் பெண்டாட்டி என்று வரிசையாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த குமாஸ்தா எழுதிக் கொண்டான். குடிகள் ஒருவர் என்று.

பிரெஞ்சுத் துரை இடது கூறை எடுத்தான். கொசுறு போட்ட பக்கத்தை எவன் விடுவான்? முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிற எனக்கு இது புதிசு இல்லை. இங்கிலீஷ் துரைக்குக் கிளாத்தி எங்கே இருக்கிறது என்றே தெரியாது, அதனால் மறுக்கவும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கண்ணாடிக் குவளையை முட்டிக் கொண்டார்கள். குடிக்கக் கொண்டுவந்த பணியாள் அந்த ஏழில் ஒரு தீவைச் சேர்ந்தவன். அவன் தட்டை இறக்கி வைத்துவிட்டு, இடது கூறில் தன் ஊர்ச் சிப்பியை அடையாளம் கண்டு அதை ஒரு விரலால் தட்டிக் காட்டினானாம், யாராவது தன்னிடம் ஏதாவது கேட்பார்களா என்கிற மாதிரி. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் பாத்தேன். ஆனா அப்ப எனக்கு உறைக்கல அண்ணாச்சி" என்று அம்புரோஸ் என்னிடம் பலதடவை சொல்லியிருக்கிறார்.

திரும்பி வரும் வழியில் கப்பல் பழுதாகி, ஏதோ ஒரு துறைமுகத்தில் இரண்டு மாசம் கட்டிக் கிடந்தது. அவர் தூத்துக்குடியில் இறங்கும்போது புரட்டாசி கடைசி. என் கடையில் ஒரு வீசை கருப்பட்டி வாங்கிக்கொண்டு நேராகக் கிளாத்தி வள்ளத்தில் ஏறப் போனார். அங்கே சுங்கக் காவலாள் செந்தூர்பாண்டி கையை நீட்டித் தடுத்தான். அன்றைக்குக் காலையில்தான் அவனுக்கு வந்திருந்த உத்தரவை வாசித்துக் காட்டினான். கிளாத்தி இப்போது அந்நிய தேசம். போக வேண்டுமானால் பிரெஞ்சு அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கிருந்து வரவும் சீட்டு வேண்டும்.

அப்போதுதான் அந்த மனிதருக்கு, தான் மேசை மேல் வைத்தது என்னவென்று புரிந்தது. கருப்பட்டிப் பொட்டலத்தோடு என் கடைக்குத் திரும்பி வந்து, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். நான் விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்தினேன்.

பாண்டிச்சேரிக்குப் போனார். அங்கே மூன்று அலுவலகத்தில் நின்று கடைசியில் ஒரு பதில் வாங்கினார். கிளாத்தி பாண்டிச்சேரியைச் சேர்ந்தது அல்ல. ஒப்பந்தத்தில் அது பசிபிக் தீவுகளோடு சேர்த்து வந்ததால், அந்தத் தீவுகளின் கவர்னர்தான் அனுமதி தர வேண்டும். கடிதம் போய்ப் பதில் வர நாலு மாசம் ஆகும். கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம்.

இதற்குள் இங்கே கூத்து ஆரம்பித்துவிட்டது. நான் மெட்டில்டாவுக்கு வாரம்தோறும் அனுப்புகிற அரிசியை, ரேஷன் காலத்தில் வெளிநாட்டு ஏற்றுமதி என்று பிடித்து வைத்தார்கள். அவள் அனுப்பிய கருவாட்டுக்கு இறக்குமதி வரி கேட்டார்கள். ஆடுகள் பிரெஞ்சு ஆடுகள் ஆகிவிட்டன, அவற்றில் ஒன்று பக்கத்து வள்ளத்தில் தாவி ஏறி இக்கரைக்கு வந்தபோது ஒரு நாள் முழுக்க அதைத் துறைமுகத்தில் கட்டி வைத்திருந்தார்கள். காரைக்காலிலிருந்து ஒரு மோட்டார் படகில் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் வந்தார். கிளாத்தியில் ஒரு கம்பு நட்டு அவர்கள் தேசத்து மூவர்ணக் கொடியை ஏற்றினார், இளநீர் குடித்தார், அலையில் வாந்தி எடுத்துக்கொண்டே திரும்பிப் போனார். அவர் படகு மறைந்ததும் மெட்டில்டா கொடியை அவிழ்த்து மடித்து வைத்துக் கொண்டாளாம். துணி நல்ல கெட்டித் துணி என்று அந்தப் பக்கம் மீன் பிடிக்கப் போனவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அரிசியும் அவர்கள்தான் சோற்றுச் சட்டியில் ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அவரும் அப்படிப் போயிருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், செந்தூர்பாண்டியே முகத்தைத் திருப்பிக் கொண்டிருப்பான். நான் எத்தனை நாள் அவரிடம் மன்றாடினேன், திட்டினேன். மீன் வள்ளத்தில் ஏறிப் போய் இறங்கும், எவன் கேட்கப் போகிறான் என்றேன்.

"வச்ச கைச்சிப்பிய எடுக்கச் சொல்லுதீரா அண்ணாச்சி?" என்றார்.

நீர் வைத்தது ஒரு சிப்பி ஓடு, தீவை இல்லை, அந்தக் குமாஸ்தா முட்டாள் என்றேன்.

"மேசையில கெடந்த சிப்பி அம்புட்டும் தீவுன்னா, எஞ்சிப்பி மட்டும் வெறுஞ்சிப்பின்னு எப்படிச் சொல்லுவேன்? எடுத்தவன் தீவுன்னு நெனச்சுத்தானே எடுத்தான்."

இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது? சுவரில் முட்டிக் கொள்ளலாம். இரண்டு சாம்ராஜ்யம் போட்ட கையெழுத்தை அந்தச் சாம்ராஜ்யங்களே இவ்வளவு மதித்திருக்காது. எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதைவிடக் கோபம், என் கடையைப் பிரித்த அன்றைக்கு அவர் இப்படி இருந்ததால்தானே என் தம்பி அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டான் என்று நினைக்கும்போது வந்தது.

ஐப்பசியில் ஒருநாள், எட்டு மாசம் முடிந்து ஒன்பது நடக்கும்போது, மெட்டில்டாவே வள்ளத்தில் வந்தாள். சுங்கத்துப் படிக்கட்டில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவளை நிறுத்தி ஒரு காகிதத்தை நீட்டி, நீ எந்த நாடு என்று கேட்டார்கள். கிளாத்தி என்றாள். அப்படி ஒரு நாடு இல்லை என்றார்கள். அப்படியானால் இல்லாத நாட்டுக்காரியை எதற்கு மறிக்கிறீர்கள் என்று கேட்டாள். அதிகாரிக்குப் பதில் தெரியவில்லை, அதனால் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்.

அம்புரோஸ் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார். நானும் ஜீவமணியும் பின்னால் நின்றோம். ஆறு மாசம் கழித்துப் பார்க்கிறார்கள். அவர் பார்வை அவள் வயிற்றிலேயே இருந்தது. கயிறு முழங்கால் உயரம். சின்னப் பிள்ளை தாண்டும்.

அவள் கேட்டாள், "ஊருக்கெல்லாம் கூறு வச்சீரே. எனக்கு எது கூறு?"

அவர் தலையைக் குனிந்து கொண்டார். அவள் திரும்பினாள். பிறகு பிடி கிடைக்காமல் தடுமாறி வள்ளத்தில் ஏறினாள், ஏறும்போது பிடித்துவிட அவர் கை கயிற்றுக்கு மேலே நீண்டு அப்படியே நின்றது. அன்றைக்கு எனக்கு அவரை ஓங்கி ஓர் அறை விடலாம் என்று இருந்தது.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் காலையில் கிளாத்தியில் புகை எழும்பவில்லை. அம்புரோஸ் விடியும் முன்பே வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றவர், வெயில் ஏறிய பிறகும் புகை இல்லாததைப் பார்த்து என் கடைக்குள் வந்தார். கையை மட்டும் கிழக்கே காட்டினார். ஜீவமணி உலையில் போட்ட அரிசியை அப்படியே விட்டுவிட்டு, வெந்நீர்ச் சட்டியும் பழைய சேலையுமாகக் கிளம்பினாள். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளை எடுத்தவள் அவள். படிக்கட்டில் செந்தூர்பாண்டி சீட்டு எங்கே அக்கா என்றான். பிள்ளைப் பேறு பார்க்கப் போகிறேன், வேண்டுமானால் என் பேரை எழுதிக்கொள், பிறகு வந்து ஜெயிலுக்குப் போகிறேன் என்றாள். அவன் எழுதவில்லை.

நீரும் ஏறும் என்று அம்புரோஸின் தோளைப் பிடித்துத் தள்ளினேன். அவர் ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார். வைத்த காலைப் பார்த்தார். வள்ளம் போய்விட்டது.

அந்தப் பகல் முழுக்க அவர் கால் நனைந்தபடி நின்றார். சாப்பிடவில்லை, உட்காரவில்லை. ஜெபமாலையை உருட்டினார், ஆனால் உதடு அசையவில்லை. மத்தியானத்துக்கு மேல் கடல் கொஞ்சம் கொந்தளித்தது. நான் கடையைப் பார்க்காமல் பக்கத்தில் நின்றுகொண்டு, என்ன சொல்வது என்று தெரியாமல் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவர் எதற்கும் கோபப்படவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் வள்ளம் வருவது தெரிந்தது. அதற்குப் பின்னால், கிளாத்தியில், புகையும் தெரிந்தது.

ஜீவமணி இறங்கி நேராகக் கடைக்குள் போனாள், நாங்களும் பின்னாலேயே ஓடினோம். பெண் பிள்ளை என்றாள். தாயும் பிள்ளையும் நலம், ஆனால் காலையில் அவள் பட்ட பாடு மாதாவுக்குத்தான் தெரியும், தனியாகக் கிடந்து பல்லைக் கடித்துக் கொண்டிருந்தாள் என்றாள். அம்புரோஸ் கை இரண்டையும் முகத்தில் வைத்துக் கொண்டார். ஜீவமணி இடுப்பில் இருந்த மீன் பெட்டியை எடுத்து என் மேசை மேல் வைத்தாள். மெட்டில்டா கொடுத்தனுப்பியது.

பெட்டிக்குள் ஓலையில் இரண்டு கூறு வைத்திருந்தாள். ஒன்றில் அவருடைய படுகைக் காவல் வில்லை, சர்க்கார் கொடுத்த நற்சாட்சிக் கடுதாசிகள், அவர் உத்தியோகத்துக்குப் போடுகிற காக்கிச் சட்டை. மற்றதில் பிள்ளையைச் சுற்றியிருந்த துணியில் கிழித்த ஒரு துண்டு. அந்த மூவர்ணக் கொடித் துணிதான், நீலமும் வெள்ளையுமாக, ஓரத்தில் ரத்தம் காய்ந்து. அதற்குள் கிளாத்திக் கரை மணல் ஒரு கை.

"இதுல சர்க்கார் கூறுதான் கொறையுதாம்" என்று சொல்லிவிட்டு ஜீவமணி அழத் தொடங்கினாள். "அதுக்குத்தான் கைச்சிப்பி வச்சிருக்கா."

அப்போதுதான் பார்த்தேன். காக்கிச் சட்டை மேல், சிலுவை கோத்த மெட்டில்டாவின் தாலி இருந்தது.

"கூறு வச்சவ எடுக்கக் கூடாதாம். உங்களத்தான் எடுக்கச் சொன்னா அண்ணே. எத எடுத்தாலும் அவளுக்குச் சம்மதமாம்."

ஊருக்கெல்லாம் கூறு வைத்த மனிதர் ஆயுளில் ஒருதடவைகூடக் கூறு எடுத்ததில்லை. மிஞ்சியதை வாங்கித்தான் பழக்கம். மேசைக்கு முன்னால் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மற்றவர்கள் வைத்த கூறைச் சரிபார்ப்பாரே, அதே மாதிரி குனிந்து, கண்ணைச் சுருக்கி, இடமும் வலமும் பார்த்தார்.

"சரியாத்தான் வச்சிருக்கா" என்றார்.

பிறகு துணித் துண்டை மணலோடு சேர்த்து மூட்டையாகக் கட்டி நெஞ்சோடு பிடித்துக் கொண்டார். வில்லையையும் கடுதாசியையும் சட்டையையும் என் பக்கம் தள்ளி, சர்க்காரிடம் சேர்த்துவிடச் சொன்னார். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தார். நின்றார்.

திரும்பி வந்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், அந்தக் காக்கிச் சட்டை மேல் இருந்த தாலியை எடுத்தார். எடுத்து மடியில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார். இருபது வருஷமாக இந்தக் கரையில், கூறின் மேல் வைத்த கைச்சிப்பியைத் தொட்டவர்களை நாயைவிடக் கேவலமாகப் பேசியவர் அவர்.

படிக்கட்டில் செந்தூர்பாண்டி நோட்டோடு நின்றான். பக்கத்தில் அவன் மேலதிகாரியும் நின்றதால் முறைப்படி கேட்டாக வேண்டியிருந்தது. கையில் என்ன அண்ணாச்சி என்றான். பிள்ளைத் துணி என்றார் அம்புரோஸ். மடியில் என்ன என்றான்.

"திருடுன சாமான்" என்றார்.

செந்தூர்பாண்டி பென்சிலை நாக்கில் தொட்டு நோட்டைத் திறந்தான். பிறகு நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து, வள்ளத்தின் கயிற்றை அவனே அவிழ்த்துவிட்டான்.